அடங்கிய சினமும் உயர்ந்த அழுத்தமும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சமுதாயத்துப் பிள்ளைகளின் கைகளில் புத்தகத்தைக் கொடுத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். ஆதலின் எமக்கு அளிக்கப்பட்டுள்ள நேரத்தில் உடல்நலத்தைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறோம். யாம் மருத்துவர் அல்லோம், பள்ளி ஆசிரியரே. படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வகுப்பறையில் எடுத்துரைப்பதுபோல் எடுத்துரைப்பதே எம்மால் இயல்வது.

கல்விச் சங்க விழாவில் நோயைப் பற்றிய பேச்சு ஏன் என்று சிலர் வினவலாம். இச்சங்கத்தின் உதவியால் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டனர். எழுத்தராகவும், செவிலியராகவும், ஆசிரியராகவும், வங்கி ஊழியராகவும் பணியாற்றுகின்றனர். அவர்களிற் பலர் சட்டைப் பையில் இரத்த அழுத்த மாத்திரையோடு நடமாடுவதையும் நாம் காண்கிறோம். நாம் அரிதின் முயன்று உருவாக்கிய ஒரு தலைமுறை, தன் உழைப்பின் பயனைத் துய்க்கும் வயதில் பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் இரையாகுமாயின், அது கல்விச் சங்கத்தின் கவலையும் ஆகும் அன்றோ?

இரத்த அழுத்தம் என்பது யாது?

இதயம் சுருங்கும்போது இரத்தம் தமனிகளின் சுவரை அழுத்துகிறது. விரியும்போது அவ்வழுத்தம் குறைகிறது. முன்னதை மேல் எண் என்றும் பின்னதைக் கீழ் எண் என்றும் வழக்கில் கூறுகிறோம். 120க்கு 80 என்பதற்குட்பட்டிருத்தல் நன்று. பலமுறை அளந்தும் 140க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நிற்குமாயின், அதனை உயர் இரத்த அழுத்தம் என மருத்துவர் முடிவு செய்கின்றனர்.

இவ்வழுத்தத்தை முதன்முதல் அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஸ்டீபன் ஹேல்ஸ் ஆவார். குதிரையின் தமனியில் குழாயொன்றைப் பொருத்தியபோது இரத்தம் எட்டு அடிக்கு மேல் எழும்பியதைத் தம் நூலில் 1733ஆம் ஆண்டு வெளியிட்டார். கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியராகிய ரீவா ரோச்சி 1896இல் அமைத்தார். அப்பட்டைக்குக் கீழே தமனியின் ஓசையைக் கேட்டு அளக்கும் முறையை உருசிய மருத்துவர் கொரொட்காஃப் 1905இல் கண்டறிந்தார். நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் இன்றும் நம் கையில் பட்டையைச் சுற்றுவது அவ்வழி வந்ததேயாகும்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 30 முதல் 79 வயது வரையிலானோருள் 128 கோடிப் பேர்க்கு இது உள்ளது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்.

ஈண்டு ஒரு சொல்மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் இந்நோயை ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பர். நம் மக்களோ மனப்பதற்றத்தை ‘டென்ஷன்’ என்கின்றனர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, “எனக்கு டென்ஷனே கிடையாது, ஆகவே பி.பி.யும் இராது” என்று சொல்லிக்கொள்வோர் பலர். மருத்துவச் சொல்லிலுள்ள ‘டென்ஷன்’ தமனியின் இறுக்கத்தைக் குறிப்பதேயன்றி மனத்தின் இறுக்கத்தைக் குறிப்பதன்று. முகத்தில் சாந்தம் தவழும் மனிதர்க்கும் அழுத்தம் 180ஐத் தொடலாம். எப்போதும் சிடுசிடுப்பவர்க்கு அது சீராகவும் இருக்கலாம். ஆயினும் மனத்திற்கும் தமனிக்கும் தொடர்பே இல்லை என்றும் கூறுதற்கில்லை. அத்தொடர்பு எத்தகையது என்பதே இவ்வுரையின் பொருள்.

உணர்ச்சி உடலில் செய்யும் வேலை

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேனன், பூனையின் எதிரே நாயைக் குரைக்கவிட்டு, அப்பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுவதைக் கண்டார். வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நிகழும் மாறுதல்களைப் பற்றி 1915இல் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. ஆபத்தைக் கண்டால் உயிர் ஒன்று எதிர்த்துப் போராடும். அன்றேல் தப்பி ஓடும். இவ்விரண்டிற்கும் உடலை ஆயத்தம் செய்வதே இச்சுரப்பின் பணி என்பது அவர் கொள்கை.

மூளை ஆபத்தை உணர்ந்தவுடன் பரிவு நரம்புகள் எனப்படுபவை தூண்டப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சிறு சுரப்பிகள் அட்ரினலினை வெளிவிடுகின்றன. இதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கிறது. சிறு தமனிகள் பல சுருங்குகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கிக்கொண்டு மோட்டாரின் விசையையும் கூட்டினால் என்னாகும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் நன்கறிவர். அதுவே இங்கும் நிகழ்கிறது.

இந்த ஏற்றம் தற்காலிகமானது. ஆபத்து நீங்கினால் அழுத்தமும் இறங்கும். 1983இல் இத்தாலி நாட்டின் மிலான் நகர மருத்துவர் மான்சியாவும் அவர்தம் குழுவினரும், நோயாளிகளின் தமனிக்குள்ளேயே கருவி பொருத்தி இடைவிடாது அளந்து பார்த்தனர். மருத்துவர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களில் மேல் எண் சராசரியாக 27 அளவு உயர்ந்தது. சிறிது நேரத்தில் தானே இறங்கியது. நோயாளியை யாரும் வையவில்லை, அடிக்கவில்லை. வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் அருகில் வந்து நின்றார், அவ்வளவே. அதிகாரமுடைய ஒருவர் அருகில் நின்றாலே தமனி அதனை அறிந்துகொள்கிறது என்றால், நாள்தோறும் அவமதிப்பை எதிர்பார்த்தே வேலைக்குச் செல்லும் ஒருவரின் தமனி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

தற்காலிக ஏற்றம் நாள்தோறும் பலமுறை நிகழ்ந்து, ஆண்டுக்கணக்கில் தொடருமானால், தமனிச் சுவர்கள் தடித்துக் கடினமாகின்றன. அழுத்தத்தைச் சீர்செய்யும் உணர்விகள் உயர்ந்த அளவையே இயல்பான அளவாகக் கொள்ளப் பழகிவிடுகின்றன. உறக்கத்தில் பத்து விழுக்காடேனும் இறங்கவேண்டிய அழுத்தம், பகலின் கவலை இரவிலும் தொடர்வோர்க்கு அவ்வாறு இறங்குவதில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் ஒன்றுண்டு. இத்தாலியின் உம்பிரியாப் பகுதியில் மடத்துக்குள்ளேயே அமைதியாக வாழ்ந்த 144 கன்னியரையும், அதே பகுதியில் இல்வாழ்வில் இருந்த 138 பெண்களையும், மருத்துவர் டிமியோவும் அவர்தம் குழுவினரும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 1988இல் வெளியிட்டனர். வெளியுலகப் பெண்களுக்கு வயது ஏற ஏற அழுத்தமும் ஏறியது. மடத்துப் பெண்களுக்கோ ஏறவில்லை. வயது கூடினால் அழுத்தமும் கூடியே தீரும் என்னும் எண்ணத்தை இவ்வாய்வு அசைத்தது.

போரிடவும் இயலாது, ஓடவும் இயலாது

கேனன் கூறிய பூனைக்குப் போரிடவோ ஓடவோ வழியுண்டு. மேலதிகாரியின் முன் நிற்கும் எழுத்தர்க்கு இரண்டும் இல்லை. போரிட்டால் வேலை போகும். ஓடினால் சோறு போகும். ஆகவே அவர் சினத்தை விழுங்குகிறார். விழுங்கிய சினம் எங்கே போகிறது? 1939ஆம் ஆண்டிலேயே உளமருத்துவர் பிரான்ஸ் அலெக்சாண்டர், வெளிக்காட்ட இயலாது அடக்கப்பட்ட பகையுணர்ச்சியே உயர் இரத்த அழுத்தத்திற்கு ஒரு காரணமாகலாம் என்று எழுதினார். அது ஒரு மருத்துவரின் கருத்து. அதனை ஒரு நகரத்து மக்களிடையே சோதித்துப் பார்த்தவர் எர்னஸ்ட் ஹார்பர்க் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆவர்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் கார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1967 சூலையில் அங்கு எழுந்த கிளர்ச்சியில் 43 பேர் மாண்டனர். அந்நகரில் வறுமையும் நெருக்கடியும் குற்றமும் மிகுந்த பகுதிகளையும், அவை குறைந்த பகுதிகளையும் தேர்ந்து, கறுப்பின மக்களையும் வெள்ளையரையும் இவ்வாய்வாளர்கள் அளந்தனர். நெருக்கடி மிகுந்த பகுதியில் வாழ்ந்த கறுப்பின ஆடவர்க்கு, நெருக்கடி குறைந்த பகுதியில் வாழ்ந்த கறுப்பின ஆடவரைவிட அழுத்தம் உயர்ந்திருந்தது. ஒரே நிறத்தவரிடையேயே தெருவுக்குத் தெரு அழுத்தம் வேறுபட்டது என்பதை நினைவிற்கொள்க. மேலும், “நீங்கள் செய்யாத தவற்றிற்காகக் காவலர் ஒருவர் உங்கள்மேல் சினந்தால் என்ன செய்வீர்? இனத்தைக் காரணம் காட்டி வீடு தர மறுத்தால் என்ன செய்வீர்?” என்ற வகையில் வினவினர். சினத்தை உள்ளடக்குவோரிடமும், வெளிக்காட்டிவிட்டுக் குற்றவுணர்வால் வருந்துவோரிடமும் அழுத்தம் மிகுந்திருந்தது. இவ்வாய்வு 1973இல் வெளிவந்தது.

அன்பர்களே, காவலரும் வீடும் பற்றிய இவ்விரு வினாக்களும் நமக்குப் புதியன அல்ல. வாடகை வீடு தேடிச் செல்லும் நம் பட்டதாரிப் பிள்ளையிடம், “சொந்த ஊர் எது? எந்தத் தெரு?” என்று வினவுவோர் எதனை அறிய விரும்புகின்றனர் என்பது அவனுக்குத் தெரியும். விடை சொல்லும் முன்பே அவன் நெஞ்சு படபடக்கிறது.

இந்நிலை இன்று தோன்றியதன்று. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், கோயம்புத்தூரில் பயின்ற நாளை நினைவுகூர்கிறார். தம் சாதியை உடன்பயிலும் மாணவர் அறிந்தால் இழிவாக நடத்துவரோ என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே படித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபின்னரே வகுப்பினுள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் எட்டாதவாறு விரைந்து வீடு திரும்புவாராம். பிற பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாமையை எண்ணி எண்ணி மனங்கலங்கினார் என்றும் அறிகிறோம். அவர் நீண்ட காலம் வாழ்ந்து 1945இல் மறைந்தவர். நோய்க்குச் சான்றாக அவரை யாம் காட்டவில்லை. ஒரு சிறுவனின் ஒவ்வொரு பள்ளி நாளும் எத்தகைய விழிப்போடும் அச்சத்தோடும் கழிந்தது என்பதற்கே காட்டுகிறோம். அத்தகைய விழிப்பையே இன்றைய ஆய்வாளர்கள் மன இறுக்கம் என்கின்றனர்.

எம்முடன் ஒரு பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரையும் இங்கு நினைவுகூர்கிறோம். கணக்கில் வல்லவர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர்க்கும் ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும். அவர்க்கும் எமக்கும் மட்டும் காகிதக் குவளையில் வரும். “சுத்தத்துக்காகத்தான் சார்” என்று சிரித்துக்கொண்டே காரணம் கூறுவர். அவர் ஒன்றும் சொல்லாமல் பருகிவிட்டு வகுப்பிற்குச் செல்வார். இவ்வாறு ஏழாண்டுகள் சென்றன. மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் மருத்துவரிடம் சென்றபோதுதான் அவர்க்கு அழுத்தம் 190க்கு 110 என்று தெரியவந்தது. அப்போது அவர்க்கு வயது 44. காகிதக் குவளைதான் காரணம் என்று யாம் கூறமாட்டோம். அவர் தந்தைக்கும் இந்நோய் இருந்தது. அவர்க்கு ஊறுகாய் இன்றி உணவு இறங்காது. ஆனால் அந்த ஏழாண்டுகளில் அவர் விழுங்கியது தேநீரை மட்டும் அன்று என்பதை அறிவோம்.

இரத்தத்தில் உள்ளதா, வாழ்வில் உள்ளதா?

இன்னின்ன மக்களுக்குப் பிறவியிலேயே இந்நோய் உண்டு என்று கூறிவிடுவது சிலர்க்கு எளிதாகப்படுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றியும் அவ்வாறே கூறப்பட்டது. மருத்துவர் ரிச்சர்டு கூப்பரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதிக்க, ஒரே மூலத்தினின்று பிரிந்த மக்களை மூன்று இடங்களில் அளந்து 1997இல் வெளியிட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காட்டினர்க்கும், கரீபியன் தீவுகளில் 26 விழுக்காட்டினர்க்கும், அமெரிக்காவில் 33 விழுக்காட்டினர்க்கும் இந்நோய் இருந்தது. உடல் எடையும் உப்பும் இவ்வேறுபாட்டில் பெரும்பங்கு கொண்டிருந்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எவ்வாறாயினும், பிறவி ஒன்றே விதியன்று என்பது தெளிவாயிற்று. வாழும் இடமும் வாழ்க்கை முறையும் மாறினால் நோயின் அளவும் மாறுகிறது. பிறப்பால் தாழ்வு என்னும் பொய்யை எதிர்த்தே நின்ற நம் சமுதாயத்திற்கு இச்செய்தி மிக நெருக்கமானது.

இருமடங்கு உழைப்பின் விலை

அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளரிடையே ஜான் ஹென்றி என்பவரைப் பற்றிய கதை ஒன்று வழங்குகிறது. இருப்புப்பாதைக்காக மலையைக் குடைந்த காலத்தில், சம்மட்டி கொண்டு துளையிடும் வீரராகிய அவர், நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்றாராம். வென்ற களைப்பில் சம்மட்டியைக் கையில் பிடித்தவாறே மாண்டாராம்.

ஷெர்மன் ஜேம்ஸ் என்னும் கறுப்பின ஆய்வாளர் 1978இல் வட கரோலினா மாநிலத்தில் ஓய்வுபெற்ற உழவர் ஒருவரைச் சந்தித்தார். 1907இல் பிறந்த அவர் பெயரும் ஜான் ஹென்றி மார்ட்டின் என்பதே. இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தாமே எழுதப் படிக்கக் கற்றார். வாரக்குடியாக உழைத்த வாழ்வினின்று மீண்டு, 75 ஏக்கர் நிலத்தைக் கடனில் வாங்கி, நாற்பது ஆண்டுகளில் அடைக்கவேண்டிய அக்கடனை ஐந்தே ஆண்டுகளில் அடைத்தார். ஐம்பதுகளின் இறுதியில் அவர்க்கு உயர் இரத்த அழுத்தமும் மூட்டுவாதமும் வந்தன. வயிற்றுப்புண் முற்றியதால் இரைப்பையில் நாற்பது விழுக்காடு வெட்டி எடுக்கப்பட்டது.

அவர் வரலாற்றைக் கேட்ட ஜேம்ஸ், எத்துணைத் தடை வரினும் தன் உழைப்பால் வென்றே தீருவேன் என்னும் ஓயாத முனைப்பிற்கு ‘ஜான் ஹென்றியம்’ எனப் பெயரிட்டு, அதனை அளக்கப் பன்னிரண்டு வினாக்களை வகுத்தார். 1983இல் வெளியிட்ட ஆய்வில், கல்வி குறைந்து இம்முனைப்பு மிகுந்திருந்தோர்க்குக் கீழ் எண் உயர்ந்திருக்கக் கண்டார். 1987இல் வந்த ஆய்வில், இம்முனைப்பு மிகுந்த கறுப்பின மக்களுள், வசதி குறைந்தோர்க்கு வசதி உள்ளோரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இந்நோய் காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறவேண்டும். ஆயினும் முனைப்பு ஒன்றே தீங்கு செய்வதில்லை. கைகொடுக்கும் வசதியின்றித் தனித்து நிற்பவனின் முனைப்பே அவன் உடலை அரிக்கிறது என்னும் கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது.

“மற்றவன் ஒரு மடங்கு படித்தால் நீ இருமடங்கு படிக்க வேண்டும்” என்பது நம் வீடுகள் தோறும் கேட்கும் அறிவுரை. அவ்வறிவுரையால்தான் நம்மில் பலர் இம்மேடையில் நிற்கிறோம். அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் இருமடங்கு உழைப்பவனுக்கு இருமடங்கு துணை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். கட்டணம் செலுத்த ஒரு கை, ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியர், தோற்றால் தாங்க ஒரு தோள், உறங்கச் சில மணி நேரம் ஆகியவை அவனுக்குக் கிட்டவேண்டும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக வழங்கிவருவது அத்துணையே. உதவித்தொகை ஒரு மாணவனின் கட்டணத்தைச் செலுத்துவதோடு, அவன் நெஞ்சின் பாரத்தையும் சற்றுக் குறைக்கிறது என்று கூறின் மிகையாகாது.

சினத்தை என்ன செய்வது?

அங்ஙனமாயின் சினத்தை அடக்காது கொட்டிவிடுதல் நன்றோ? அதுவும் அன்று. ஹார்பர்க் குழுவினர் 1979இல் டெட்ராய்ட் நகரைப் பற்றி வேறோர் ஆய்வை வெளியிட்டனர். நியாயமின்றிச் சினக்கும் மேலதிகாரியிடம் எவ்வாறு நடந்துகொள்வீர் என்று வினவினர். பேசாது உள்ளுக்குள் குமைவோர்க்கும், அங்கேயே வெடிப்போர்க்கும் அழுத்தம் மிகுந்திருந்தது. அவர் சினம் தணிந்தபின் சென்று, நடந்ததை எடுத்துப் பேசித் தீர்ப்பேன் என்றவர்க்கு அழுத்தம் குறைந்திருந்தது.

1996இல் நான்சி கிரீகர், ஸ்டீபன் சிட்னி ஆகிய இருவர் நாலாயிரத்திற்கு மேற்பட்ட இளவயதினரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பிற்குரியது. கறுப்பினத் தொழிலாளருள், “எனக்கு இனப் பாகுபாடே நேர்ந்ததில்லை, அநீதி நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்வேன்” என்றோரின் மேல் எண், “ஓரிரு இடங்களில் நேர்ந்தது, அநீதியை எதிர்த்துக் கேட்பேன்” என்றோரின் அளவைவிட ஏறக்குறைய 7 அளவு உயர்ந்திருந்தது. வாய் மறுத்ததை உடல் மறுக்கவில்லை போலும்!

திருக்குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன் என்பது அதன் முதற்குறளின் கருத்து. அந்த அறிவுரை முதற்கண் வலியோர்க்கு உரியது. “சினம் கொள்ளாதே, பி.பி. ஏறும்” என்று மெலியோரிடம் மட்டும் கூறுவது, அடித்தவனை விட்டு அடிபட்டவனின் அழுகையை நிறுத்தச் சொல்வது போன்றது. நம்மவர்க்குச் சொல்லவேண்டியது வேறு. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்க. அன்றிரவே இல்லத்தாரிடமோ நண்பரிடமோ கூறுக. நாளும் நேரமும் சொல்லும் செயலும் குறித்து எழுதி வைக்க. பின்னர் நிதானத்தோடு உரியவரிடம் கேட்க; வாயால் கேட்டுத் தீராததை மனுவால் கேட்க; மனுவால் தீராததைச் சட்டத்தால் கேட்க. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்காகவே உள்ளன.

தனியொருவர் கேட்டால் பழிவாங்கப்படலாம் என்னும் அச்சம் நியாயமானதே. அதனால்தான் அண்ணல் அம்பேத்கர் 1942இல் நாகபுரி மாநாட்டில் கல்வியையும் கிளர்ச்சியையும் ஒன்றுபடுதலையும் சேர்த்தே வலியுறுத்தினார். வகுப்பிற்குள் அஞ்சி நுழைந்த அச்சிறுவர் சீனிவாசனும், 1893இல் சமுதாயத்தின் பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். விழுங்கிய துன்பம் எழுத்தாகவும் பேச்சாகவும் பொதுப்பணியாகவும் வெளிப்பட்டமைக்கு அவர் வாழ்வைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

செய்யத்தக்கன

உணர்ச்சி ஒன்றே காரணம் என்று யாரும் கொள்ளலாகாது. மரபும், வயதும், உடல் எடையும், மதுவும், உப்பும் வலிமை மிக்க காரணங்களாம். புகையிலையோ, உயர்ந்த அழுத்தத்தோடு சேர்ந்து இதயத்தையும் தமனியையும் இருமடங்கு கெடுக்கிறது. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமிற்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அக்கணக்கில் சேரும். மனக்கவலையை மறக்கக் குடிப்பவர், கவலையோடு அழுத்தத்தையும் வளர்க்கிறார். மருத்துவர் தந்த மாத்திரையை, “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று இடையில் நிறுத்துதல் பெருந்தீங்கு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வீட்டிற்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை தரும் ஏற்பாடு வந்தது. அத்தகைய ஊழியர் வாயிலில் நிற்கும்போது, “வேலையிருக்கிறது, பிறகு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பலாகாது.

நம் சங்கத்திற்கு வழிகாட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின ஆடவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கினர்; ஆனால் தம் இனத்தவரின் முடிதிருத்தும் கடைகளுக்குத் தவறாது சென்றனர். மருத்துவர் ரொனால்டு விக்டரும் அவர்தம் குழுவினரும் 52 கடைகளைத் தேர்ந்து, அவற்றிற்கு வரும் 319 பேரை ஆய்வில் சேர்த்தனர். ஒரு பகுதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து மாத்திரை அளித்தார்; மறு பகுதியில் கடைக்காரர் அறிவுரை மட்டும் கூறினார். 2018இல் வெளியான முடிவு இது: ஆறு மாதத்தில் முன்னவர்க்கு மேல் எண் சராசரியாக 27 அளவு இறங்கியது, பின்னவர்க்கு 9 அளவே இறங்கியது. மாத்திரையோடு, நம்பிக்கைக்குரிய இடமும் நம்மவர் முகமும் சேர்ந்தமையால் விளைந்த பயன் இது.

நமக்கு அத்தகைய இடம் இச்சங்கத்தின் மாலைப்பள்ளிக் கூடமேயாகும். ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்கம் இரத்த அழுத்தக் கருவி இரண்டை வாங்கி, ஞாயிறுதோறும் முப்பது வயதைக் கடந்த அனைவர்க்கும் அளந்து பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அளப்பதற்கு அரைமணி முன்பு தேநீரும் பீடியும் கூடாது. முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து இருமுறை அளத்தல் முறையாகும். நம் பிளஸ் டூ மாணவர்களே இதனைக் கற்றுச் செய்ய இயலும். பெண்களைக் கடைசியில் அளக்கும் வழக்கம் இங்கு வேண்டா.

இரண்டாவது, மாதம் ஒருமுறை பணியிலிருக்கும் நம்மவர் கூடி, தத்தம் இடங்களில் நேர்ந்தவற்றைப் பகிர்ந்துகொள்ளும் அமர்வு ஒன்றை நடத்துதல் வேண்டும். சட்டமறிந்தோர் ஒருவர் உடனிருந்து மனு எழுத உதவட்டும். நேர்ந்ததைக் கூறுவோரை, “இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே” என்று யாரும் அடக்கலாகாது.

மூன்றாவது, தேர்வுக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு உழைப்பைப் போலவே உறக்கத்தையும் விளையாட்டையும் கட்டாயமாக்குதல் வேண்டும். பிற பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாது ஏங்கிய ஒரு சிறுவரின் வழிவந்தோர் நாம். நம் பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் அச்சமின்றிப் பந்து விளையாடுவது வீண்பொழுது அன்று.

இம்மூன்றையும் நிறைவேற்றும் ஆற்றல் இச்சங்கத்திற்கு உண்டு. பொற்கிழியோடு நூறாயிரம் வாழ்த்துகள் குவியும் இவ்விழா முடியும் முன்பே, வாயிலருகே செவிலியர் இருவர் கருவியோடு அமர்ந்திருக்க ஏற்பாடு செய்துள்ளனர் என்று செயலாளர் எம்மிடம் கூறினார். உணவிற்குச் செல்லும் முன் ஒவ்வொருவரும் கையை நீட்டி அளந்துகொண்டு செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.